ஏடு காத்த பேரரசு

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

    

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் மூவேந்தரைப் பற்றியும் முச்சங்கங்களைப் பற்றியும் பேசுவதே மரபு. அம்மரபினின்றும் சற்று விலகி, கடல் கடந்த நாடொன்றின் கதையைக் கூற இன்று யாம் துணிந்துள்ளோம். யாம் வரலாற்றுப் பேராசிரியர் அல்லோம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் பேரேடும் படிவமும் எழுதிக் காலம் கழிப்போம். எனினும், எழுத்தர் என்னும் உறவினாலேயே இக்கதை எம்மை ஈர்த்தது. வாளால் எழுந்த பேரரசுகள் உலகில் பல. எழுதுகோலால் நிலைபெற்ற பேரரசு ஒன்றுண்டு. அதுவே கீழை உரோமப் பேரரசு. பள்ளி நூல்கள் அதனைப் பைசாந்தியப் பேரரசு என்று கூறும். அஃது எழுந்தது எங்ஙனம், நின்றது எங்ஙனம், வீழ்ந்தபின் எஞ்சியது யாது என்னும் மூன்றினையும் சுருங்கச் சொல்லி அமைவோம்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். அம்மக்கள் தம் அரசை ஒருநாளும் பைசாந்தியப் பேரரசு என்று அழைத்தாரல்லர். அவர்கள் பேசியது கிரேக்கம். வாழ்ந்தது உரோமாபுரிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். ஆயினும், 1453ஆம் ஆண்டில் அரசு அழிந்த நாள் வரையில் தம்மை உரோமர் என்றே கூறிக்கொண்டனர். அரசு அழிந்து நூறாண்டு கழிந்தபின், 1557இல், ஹிரோனிமஸ் உல்ஃப் என்னும் செருமானிய அறிஞர் அவர்தம் வரலாற்று நூல்களைப் பதிப்பித்தபோதுதான் பைசாந்தியம் என்னும் பெயர் அவர்களுக்கு வாய்த்தது. பின்வந்தோர் அதனையே பற்றிக்கொண்டனர். தாய்நகரை விட்டு நெடுந்தொலைவு வந்தும், மொழி மாறியும், பெயரை மட்டும் விடாது ஆயிரமாண்டு காத்த மக்கள் இவர்.

இனி எழுச்சியைக் காண்போம். பைசாந்தியம் என்பது கிரேக்கர் குடியேறி அமைத்த பழைய ஊர். ஐரோப்பாவும் ஆசியாவும் ஒன்றையொன்று நோக்கும் பாஸ்பரஸ் நீரிணையின் கரையில் அஃது அமைந்தது. மூன்று புறம் நீர். ஒரு புறமே நிலம். வடபுறத்தே பொற்கொம்பு எனப்பெறும் இயற்கைத் துறைமுகம் உண்டு. அதன் வாயிலை இரும்புச் சங்கிலியால் அடைத்துவிட்டால் பகைவர் கலம் உட்புகல் அரிது. 324ஆம் ஆண்டில் உரோமப் பேரரசு முழுமைக்கும் தனித் தலைவனான கான்ஸ்டன்டைன், இவ்விடத்தின் சிறப்பை உணர்ந்து, இங்கே புதிய தலைநகர் எடுத்தான். 330ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் அந்நகருக்குத் திறப்புவிழா நிகழ்ந்தது. அவன் பெயராலேயே அது கான்ஸ்டாண்டிநோபிள் ஆயிற்று. இன்றைய இஸ்தான்புல் நகரே அது.

395இல் பேரரசன் தியோடோசியஸ் மறைந்தான். ஆட்சி அவன் மக்கள் இருவர்க்கும் கிழக்கு, மேற்கு எனப் பங்காயிற்று. மேற்கின் நிலை விரைவிலேயே தாழ்ந்தது. 408இல் காதியர் தலைவன் அலாரிக் உரோமாபுரியை முற்றுகையிட்டு மீட்புப்பொருள் கேட்டபோது, 5000 இராத்தல் பொன்னும் 30,000 இராத்தல் வெள்ளியும் மட்டும் கேட்டானல்லன். 3000 இராத்தல் மிளகும் கேட்டான். மேலைக் கடற்கரையில் விளைந்த நம் மிளகு, உலகத் தலைநகரின் உயிர் விலையில் ஒரு பங்காயிற்று! அதுவும் போதவில்லை, 410இல் நகரம் சூறையாடப்பட்டது. 476இல் மேலைப் பேரரசின் கடைசி மன்னனாகிய சிறுவன் அரியணையினின்றும் இறக்கப்பட்டான்.

மேற்கு வீழக் கிழக்கு நின்றது ஏன்? முதலாவது, மதில். 413 அளவில் எழுப்பப்பட்ட அந்நில மதில், அகழி, புறமதில், அகமதில் என மூன்று அடுக்காக ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீண்டது. 447இல் நிலநடுக்கத்தால் அதன் கோபுரங்கள் பல சரிந்தன. ஹூணர் தலைவன் அட்டிலா படையொடு வருகின்றான் என்னும் செய்தியும் உடன் வந்தது. நகர மக்களே திரண்டு, இரண்டே திங்களில் மதிலை மீண்டும் எழுப்பினர்.

இரண்டாவது, நாணயம். கான்ஸ்டன்டைன் வகுத்த பொற்காசு, ஓர் உரோம இராத்தல் பொன்னுக்கு 72 வீதம் அடிக்கப்பெற்றது. 11ஆம் நூற்றாண்டு வரையில் அதன் மாற்றுக் குறையவில்லை. அதன் புகழ் நம் கடற்புறம் வரை எட்டியது. 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்னும் அலெக்சாந்திரிய வணிகர் ஒருவர் எழுதிய நூலில் ஒரு நிகழ்ச்சி உண்டு. இலங்கை மன்னன் அவையில் உரோம வணிகன் ஒருவனும் பாரசீகன் ஒருவனும், எம் அரசனே பெரியன் என்று வாதிட்டனராம். வணிகன் இருநாட்டுக் காசுகளையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு மன்னனை வேண்டினான். உரோமர் காசு பொன். பாரசீகர் காசு வெள்ளி. வழக்கு முடிந்தது. மிளகு ஏற்றும் துறைகளை அடுக்குமிடத்து அந்நூலாசிரியர் குறிக்கும் பெயர்களுள் ஒன்று 'பூதோபட்டண' என்பது. அது புதுப்பட்டணமே என்பதை நம் செவியே சொல்லும்.

மூன்றாவது காரணமே எமக்கு இனியது. அது கணக்கும் கல்வியும். நிலத்தை அளந்து, வரியைப் பதிந்து, படைக்குக் கூலியைக் காலந்தவறாது பொன்னாக அளக்கவல்ல எழுத்தர் கூட்டம் கிழக்கில் இருந்தது. 425இல் இரண்டாம் தியோடோசியஸ் தலைநகரில் உயர்கல்விச் சாலையொன்றை ஒழுங்குபடுத்தி, 31 ஆசிரியர்களை அமர்த்தினான். இலத்தீனுக்கு 13 பேர், கிரேக்கத்திற்கு 15 பேர், தத்துவத்திற்கு ஒருவர், சட்டத்திற்கு இருவர். ஆட்சிமொழி இலத்தீனாயிருந்த அந்நாளிலேயே, மக்கள் மொழிக்கு ஆசிரியர் தொகை மிகுந்திருந்ததைக் கவனித்தல் வேண்டும்.

527 முதல் 565 வரை ஆண்ட ஜஸ்டினியன் காலம் அப்பேரரசின் உச்சி எனலாம். ஆயிரமாண்டு உரோமச் சட்டம் அந்நாளில் எவரும் கற்றுக் கரைகாண இயலாத காடாய்க் கிடந்தது. டிரிபோனியன் என்னும் அமைச்சர் தலைமையில் சட்ட அறிஞர் அமர்ந்து, ஏறத்தாழ 2000 சுவடிகளில் இருந்த 30 இலட்சம் வரிகளை ஆராய்ந்து, 1,50,000 வரிகளாகச் சுருக்கினர். 530இல் தொடங்கிய அப்பணி 533இல் முடிந்தது. கோப்புகளோடு போராடிய நம்போன்றோர், மூன்றே ஆண்டில் முடிந்த அவ்வேலையின் அருமையை நன்கறிவோம். இத்தொகுப்பு இலத்தீனில் அமைந்தது. ஆயின், அதன்பின் அவன் இயற்றிய புதுச் சட்டங்களிற் பெரும்பாலன கிரேக்கத்தில் வந்தன. சட்டத்திற்கு அடங்க வேண்டிய குடிக்குச் சட்டம் புரிதல் வேண்டும் அன்றோ?

அவனது மற்றொரு நினைவுச்சின்னம் ஹேகியா சோபியா என்னும் தூய அறிவுக் கோயில். 532இல் தேரோட்டப் பந்தயக் கட்சிகள் மூட்டிய 'நிகா' கலகத்தில் பழைய கோயில் எரிந்தது. கலகத்தை அடக்கியபோது மாண்டோர் 30,000 பேர் என்பர். அச்சாம்பல் மேட்டில், அந்தேமியஸ், இசிடோர் என்னும் கணித வல்லார் இருவர் வகுத்த அமைப்பின்படி, ஆறாண்டிற்குள் புதிய கோயில் எழுந்தது. 537 திசம்பர் 27ஆம் நாள் அது திறக்கப்பட்டது. ஏறத்தாழ 31 மீட்டர் அகலமுடைய அதன் கவிகை 558இல் இடிந்தது. இன்னும் உயர்த்தி மீண்டும் கட்டி, 562இல் திறந்தனர். இத்தனை பெருமைக்கிடையே ஜஸ்டினியன் செய்த போர்கள் கருவூலத்தை வற்றச் செய்தன என்பதையும், 541இல் தொடங்கிய கொள்ளைநோய் ஊர் ஊராக மக்களை வாரிச் சென்றது என்பதையும் மறைத்தல் ஆகாது.

அடுத்த நூற்றாண்டில் அடிமேல் அடி விழுந்தது. பாரசீகரை வென்ற ஹெராக்ளியஸ் கண்ணெதிரேயே சிரியாவும், அவன் மறைந்த சில திங்களிலேயே எகிப்தும் அராபியர் கைப்பட்டன. 717இல் அராபியர் தலைநகரையே நிலத்தாலும் நீராலும் வளைத்தனர். மதில் காத்தது, அதனோடு 'கிரேக்க நெருப்பு' காத்தது. நீர்மேலும் எரியும் அந்நெருப்பை, சிரியாவினின்றும் வந்த கல்லினிகஸ் என்பவர் 7ஆம் நூற்றாண்டில் ஆக்கித் தந்தார். அதன் கூட்டினை எவர்க்கும் வெளியிடலாகாது என்பது அரசாணை. 10ஆம் நூற்றாண்டில் ஏழாம் கான்ஸ்டன்டைன் தன் மகனுக்கு எழுதிய அறிவுரை நூலிலும் இதனை வற்புறுத்தினான். முடிவு என்ன? அம்மறை அத்துணை நன்றாகக் காக்கப்பட்டதனால் அவர்களோடேயே அழிந்தது. 1204இல் பகைவர் மதிலேறியபோது அந்நெருப்பு எழுந்ததாகச் செய்தி இல்லை. அதன் கூட்டு யாது என்பது இன்றளவும் முடிவாகவில்லை.

இதனை நினைவில் வைத்துக்கொண்டு, அதே மக்கள் செய்த வேறு இரு செயல்களைக் காண்மின்.

ஒன்று, படியெடுத்தல். பழைய கிரேக்க நூல்கள் பெரிய எழுத்துகளால் எழுதப்பட்டிருந்தன. தோலும் காலமும் மிகுதியாய்ச் செலவாயின. 9ஆம் நூற்றாண்டில், கோத்தெழுதும் சிறிய எழுத்து வழக்கில் வந்தது. மடங்களிலும் நகரத்து அறைகளிலும் இருந்த எழுத்தர், பழஞ்சுவடிகளை இப்புதிய எழுத்திற்கு மாற்றி எழுதினர். எவை மாற்றி எழுதப்பட்டனவோ அவற்றுட் பல பிழைத்தன. எவை விடுபட்டனவோ அவற்றுட் பெரும்பாலன மாண்டன. போட்டியஸ் என்னும் தலைமைக் குரு, தாம் படித்த 280 சுவடிகளைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்தார். அவற்றில் அடங்கிய நூல்களிற் பாதியளவு இன்று அவர் குறிப்பாலன்றி நமக்குக் கிடைத்தில. ஹோமருடைய இலியத்தின் மிகச் சிறந்த முழுச் சுவடி இப்பேரரசின் 10ஆம் நூற்றாண்டு எழுத்தர் ஒருவர் எழுதியதே. அவர் பெயர் எவர்க்கும் தெரியாது.

ஆர்க்கிமிடீசின் நூல் பிழைத்த கதை இன்னும் வியப்புடையது. 10ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளில் எழுதப்பட்ட அச்சுவடியை, 1229இல் ஒருவர் சுரண்டி அழித்து, அத்தோலின்மீதே வழிபாட்டு நூல் எழுதினார். 1906இல் ஹைபர்க் என்னும் தேனிய அறிஞர், வழிபாட்டு வரிகளுக்கு அடியில் மங்கித் தெரிந்த கணிதத்தைக் கண்டுகொண்டார். வேறெங்கும் கிடைக்காத ஆர்க்கிமிடீசின் நூலொன்று அதில் இருந்தது. பின்னர் மறைந்த அச்சுவடி, 1998இல் நியூயார்க்கில் ஏலத்திற்கு வந்தது. அதன்பின் புதிய ஒளிக்கருவிகளின் துணையால் மிச்ச வரிகளையும் படித்தனர். ஓர் எழுத்தன் பிழையின்றி எழுதிய பக்கம், அழித்த பின்னும் ஆயிரமாண்டு கழித்துப் பேசிற்று!

மற்றொன்று, கொடுத்தல். 863 அளவில் மொராவிய நாட்டு இளவரசன், தன் மக்களுக்கு அவர்தம் மொழியில் அறம் போதிக்கும் ஆசிரியரை அனுப்புமாறு பேரரசனை வேண்டினான். தெசலோனிக்கா நகரத்து உடன்பிறந்தார் இருவர், சிரில், மெதோடியஸ் என்போர், அனுப்பப்பட்டனர். எம்மொழியைக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்று அவர்கள் கூறவில்லை. சிலாவிய மொழியின் ஒலிகளுக்கேற்பப் புதிய எழுத்து வகுத்து, மறைநூலை அம்மொழியிலேயே பெயர்த்தனர். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் என்னும் மும்மொழிகளிலன்றி இறைவனைப் போற்றலாகாது என்று எதிர்த்தோரோடு சிரில் வாதிட்டார். மெதோடியஸ் 885இல் மறைந்தபின் அவர்தம் மாணாக்கர் துரத்தப்பட்டனர். பல்கேரியா அவர்களை ஏற்றது. அங்கே கிரேக்க எழுத்தைத் தழுவி உருவான புதிய வரிவடிவம் சிரில் பெயரால் சிரிலிக் எனப்பெற்றது. 988இல் கீவ் நகர மன்னன் விளாதிமிர் கிறித்தவம் தழுவியபோது அவ்வெழுத்தும் அங்குப் பரவிற்று. உருசியரும் உக்ரேனியரும் பல்கேரியரும் செர்பியரும் இன்றும் எழுதுவது அதன் வழிவந்த எழுத்தே. பேரரசின் எல்லை ஒருநாளும் மாஸ்கோவைத் தொட்டதில்லை. அதன் எழுத்துத் தொட்டது.

இனி வீழ்ச்சி. 1071இல் மான்சிகர்ட் களத்தில் துருக்கியரிடம் தோல்வி. சின்ன ஆசியாவின் உட்பகுதி சில ஆண்டுகளில் கைநழுவியது. அந்நாளைக்குள் பொற்காசின் மாற்றும் குறைந்துவிட்டது. 1082இல் பேரரசன் அலெக்சியஸ், நார்மானியரை எதிர்க்கக் கப்பற்படை வேண்டி, வெனிஸ் வணிகர்க்குச் சுங்கவரியை அறவே நீக்கினான். தன் நாட்டு வணிகன் பத்தில் ஒரு பங்கு சுங்கம் கட்ட, அயலான் ஒன்றும் கட்டாது வாணிகம் செய்தான். உதவிக்கு அழைத்தவன் உரிமைக்காரன் ஆனான். நான்காம் சிலுவைப் போருக்கென்று புறப்பட்ட படை, வெனிசுக்குக் கப்பற்கூலி கொடுக்க வகையற்று, திசைமாறி, 1204 ஏப்பிரலில் கான்ஸ்டாண்டிநோபிளையே சூறையாடிற்று. ஒரே சமயத்தார் தம் சமயத்தார் நகரை மூன்று நாள் கொள்ளையிட்டனர். வெண்கலச் சிலைகள் காசுக்காக உருக்கப்பட்டன. தீயில் சுவடிகள் வெந்தன. அன்று கொண்டுபோன வெண்கலக் குதிரை நான்கும் இன்றும் வெனிஸ் நகரத்துப் புனித மாற்குக் கோயிலில் உள்ளன.

1261இல் நிக்கேயா நகரத்தினின்றும் வந்தோர் தலைநகரை மீட்டனர். ஆயின் பேரரசின் பெயரே மீண்டது, வலிமை மீளவில்லை. 1453இல் 21 வயதுத் துருக்கிய வேந்தன் இரண்டாம் முகமது பெரும்படையோடு வந்தான். அவனுக்குப் பெரும்பீரங்கி வார்த்தளித்த ஓர்பன் என்பவன், முதலில் கான்ஸ்டாண்டிநோபிளுக்கே தன் தொழிலை விற்க வந்தவன். அவனுக்குக் கூலி கொடுக்கக் கருவூலத்தில் பொருள் இல்லை! மதிலைக் காக்க நின்றோர் ஏறத்தாழ 7000 பேர். ஏழு வாரங்களுக்கு மேல் தாக்குப்பிடித்தனர். மே 29ஆம் நாள் விடியலில் மதில் உடைந்தது. கடைசிப் பேரரசன் பதினோராம் கான்ஸ்டன்டைன் மதிலருகே போரிட்டு மாண்டான்.

எஞ்சியது யாது? மதில் வீழ்ந்தது, நெருப்பின் மறை மறைந்தது, பொற்காசு காட்சிச்சாலைக்குப் போயிற்று. எழுதியனவும் கொடுத்தனவும் நின்றன. மானுவேல் கிரிசொலொராஸ் என்னும் அறிஞர் 1397இல் பிளாரன்சு நகரில் கிரேக்கம் கற்பித்தார். இத்தாலிய மறுமலர்ச்சியின் கிரேக்கக் கல்விக்கு அது வித்தாயிற்று. பெசாரியன் என்னும் மற்றொரு பெரியார், தாய்நகர் வீழ்ந்தபின் தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கிரேக்கச் சுவடிகளைத் தேடித் திரட்டி, 1468இல் ஏறத்தாழ 750 சுவடிகளை வெனிசுக்கு வழங்கினார். யாம் மேலே கூறிய இலியத்துச் சுவடியும் அவற்றுள் ஒன்று. ஜஸ்டினியன் சட்டத் தொகுப்பு இத்தாலிய நாட்டுப் பொலோனாவில் பாடநூலாகி, ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் சட்டங்களுக்கு அடிப்படையாயிற்று. 1345இல் தெசலோனிக்கா நீதிபதி ஹர்மெனொபுலஸ் தொகுத்த சட்டச் சுருக்கம், விடுதலை பெற்ற கிரேக்க நாட்டில் 1946 வரையில் நடைமுறையில் இருந்தது. அரசு இறந்து ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டின் பின்னும் அதன் எழுத்தர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தனர்!

பெயரும் எளிதில் சாகவில்லை. 1912இல் கிரேக்கக் கடற்படை லெம்னோஸ் தீவைத் துருக்கியரிடமிருந்து கைப்பற்றியபோது, ஊர்ச்சிறுவர் சிலர் வீரரை வேடிக்கை பார்க்க ஓடினர். எதைப் பார்க்கின்றீர் என்று வீரர் வினவ, எல்லேனியராகிய கிரேக்கரைப் பார்க்கின்றோம் என்றனராம். நீங்களும் கிரேக்கரே அன்றோ என்று கேட்டதற்கு, இல்லை, நாங்கள் உரோமர் என்று விடையிறுத்தனராம். அத்தீவிற் பிறந்து பின்னாளில் வரலாற்றாசிரியரான பீட்டர் கரானிஸ் இதனைக் கூறியுள்ளார். அச்சிறுவர்க்கு இலத்தீனில் ஒரு சொல்லும் தெரிந்திராது. பெயர் காப்பாற்றப்பட்டது, அப்பெயர் பிறந்த மொழி எப்போதோ போய்விட்டது.

பெரியோர்களே! இவ்விடத்திலேதான் எமக்குச் சற்று அச்சம் தோன்றுகின்றது. வேற்று மாநிலத்தில் வாழும் நம் காலனிப் பிள்ளைகளும், நீ யார் என்று கேட்டால், தமிழன் என்று தயங்காமல் சொல்வர். பெயர் நிற்கும், அதில் ஐயமில்லை. ஆனால் ஊரிலிருந்து பாட்டி எழுதும் கடிதத்தை அவர்களுள் எத்தனை பேர் தாமே படிப்பர்? உரோமர் இலத்தீனை இழந்தும் வாழ்ந்தது, கிரேக்கத்தை ஏட்டில் எழுதி எழுதிக் காத்ததனால். யாதொன்றையும் எழுதாதவர்க்குப் பெயர் மட்டுமே மிஞ்சும்.

ஆதலின் யாம் வேண்டுவது இரண்டே. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிற்குப் பிள்ளைகளை அனுப்புங்கள். வாரம் ஒரு பக்கமேனும் அவர்களைப் பார்த்தெழுதச் சொல்லுங்கள். அடுத்து, நம் சங்கத்து நூல் அலமாரியின் திறவுகோல் ஒருவரிடமே இருத்தல் வேண்டா. அண்டை வீட்டார் வேற்றுமொழியினராயினும், தமிழ் கற்க விழைந்தால் அவர்க்கும் அது திறக்கட்டும். அவர் மொழியில் நம் நூற்பொருளை எடுத்துரைக்க வல்லோர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் அதனைச் செய்யட்டும். பூட்டி வைத்த நெருப்பு அவிந்தது. பகிர்ந்து கொடுத்த எழுத்து இன்றும் வாழ்கின்றது. சென்ற ஆண்டு விழாவின் பின் அவ்வலமாரி மும்முறைதான் திறக்கப்பட்டது என்பதை, அதன் பதிவேட்டை எழுதிவரும் யாமே அறிவோம்.

 வாழ்க தமிழ்!